வந்தது பரிசில் வாங்க, தந்தது புத்திமதி

பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் சங்கப் புலவர்கள் படம் ஒன்று இருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு தாடி, ஒரே மாதிரி சால்வை. ஒருவர் ஓலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் முகத்திலும் பசியோ கோபமோ கிடையாது. போதாக்குறைக்கு எங்கள் தமிழய்யா ‘சங்கம்’ என்று சொல்லும்போதெல்லாம் கருவறை முன்னால் நிற்பவர்போலக் குரலைத் தாழ்த்துவார். சங்கம் என்றால் பேச்சுமூச்சில்லாத இடம் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கோடை விடுமுறையில், கரன்ட் இல்லாத மத்தியானங்களில், புறநானூற்றை உரையோடு படிக்க உட்கார்ந்தேன். உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய தொகை. நாலே நாளில் படம் வரைந்தவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இது எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சு. அடுத்தவன் குடும்ப விஷயத்தில் தலையிடுவது, கேட்காமலே யோசனை சொல்வது, சொன்னதைக் கேட்கவில்லையென்றால் முறைத்துக்கொண்டு எழுந்துபோவது, போகிற போக்கில் ஒரு குத்தல் வார்த்தையை எறிந்துவிட்டுப் போவது, எல்லாம் அதில் இருக்கிறது. பெஞ்சுக்காரர்கள் பேச்சு டீ ஆறுவதற்குள் காற்றோடு போய்விடும். இவர்கள் யாப்பில் கட்டி வைத்துவிட்டதால் 2000 வருஷமாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

சங்கத்தின் கணக்கு வழக்கைச் சொல்வது இறையனார் களவியல் உரை. முதல் சங்கத்தில் 549 பேர், ஆயுள் 4440 வருஷம். இரண்டாவதில் 59 பேர், 3700 வருஷம். மூன்றாவதான மதுரைச் சங்கத்தில் 49 பேர், 1850 வருஷம். கூட்டிப் பாருங்கள், 9990 வருகிறது. இன்னொரு பத்தைச் சேர்த்து முழுசாகப் பத்தாயிரம் ஆக்கியிருக்கலாம். கடைசி நேரத்தில் யாருக்கோ மனசாட்சி உறுத்தியிருக்கிறது. ஆனால் உறுப்பினர் கணக்கை நான் அப்படியே நம்புகிறேன். 549, 59, 49. ஊரில் ஏதாவது ஒரு சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் பொதுக்குழுவுக்கு வந்த கூட்டம் மூன்றாவதற்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கடல்கோள் காரணம் என்கிறது உரை. சந்தா பாக்கியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சங்கத்தின் பேர்போன சண்டை எல்லாருக்கும் தெரியும். பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? பாண்டியனுக்கு இந்தச் சந்தேகம் வந்து, ஆயிரம் பொன்னைக் கிழியாகக் கட்டித் தொங்கவிட்டான். தருமி சிவனிடம் ஒரு பாட்டை வாங்கிக்கொண்டு வந்தான். நக்கீரர் மறித்தார். சிவனே நேரில் வந்தார். நெற்றிக்கண் திறந்தது, நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நக்கீரராக நடித்தவர் அதன் இயக்குநர் ஏ.பி.நாகராஜனேதான். குற்றம் கண்டுபிடிக்கிற வேஷத்தை எந்த இயக்குநர் அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார்?

கதையில் எனக்கு இரண்டு குறை. ஒன்று, தெய்வத்தைக் கூப்பிடும் அளவுக்கு விவகாரம் முற்றியும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஔவையார், வெள்ளிவீதியார், நச்செள்ளையார் என்று பெண்பாற் புலவர்களுக்கா பஞ்சம்? அவர்களில் யாராவது வந்திருந்தால், “முதலில் சிக்கெடுத்துவிட்டுப் பேசுங்கள்” என்று விவகாரத்தை ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பார்கள். இரண்டாவது குறை அந்தப் பாட்டைப் பற்றியது. அது குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இருக்கிறது. ஒரு காதலன் வண்டைக் கூப்பிட்டு, எனக்காக இச்சகம் பேசாதே, உள்ளதைச் சொல், இவள் கூந்தலைவிட மணக்கிற பூவை நீ கண்டதுண்டா என்று விசாரிக்கிறான். காதலி பக்கத்தில் நிற்கிறாள். விஷயம் இவ்வளவுதான். ஒருத்தன் பெண்டாட்டியிடம் “உன் குழம்பு மாதிரி உலகத்திலேயே கிடையாது” என்று சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “உலகத்துக் குழம்பையெல்லாம் ருசி பார்த்தாயிற்றோ?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? நமக்கு நெற்றிக்கண் இல்லாததால்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள்.

நக்கீரருக்கு நேர் எதிர் சீத்தலைச் சாத்தனார். அடுத்தவர் பாட்டில் பிழை கண்டால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார், தலை சீழ்பிடித்துப்போனது, அதனால்தான் ‘சீத்தலை’ என்று ஒரு கதை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். கவியரங்கத்துக்குத் தலைமை தாங்கி, பதினான்காவது கவிஞர் ஒலிபெருக்கியைப் பிடிக்கும்போது மேடையில் உட்கார்ந்திருந்தவர் யாரும் அந்தக் கதையை எளிதில் கைவிடமாட்டார்.

இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிற வம்பு இதைவிட ருசியானது.

பேகனை எடுத்துக்கொள்ளுங்கள். பழனிமலைப் பக்கத்து ஆவியர் குலத் தலைவன். குளிருமே என்று மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். பாடப்புத்தகம் மயிலோடு நிறுத்திவிடும். புறநானூற்றில் 143ஆம் பாட்டிலிருந்து 147 வரை புரட்டினால் போர்வைக்கு அடியில் இருப்பது தெரியும். மயிலுக்காக உருகிய மனுஷர், கட்டிய மனைவியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பெயர் கண்ணகி. சிலம்புக்காரி வேறு, இவள் வேறு. ஆனால் பெயர் ராசியைப் பாருங்கள்.

செய்தி கசிந்ததும் நாலு புலவர்கள் அஞ்சு பாட்டோடு கிளம்பிவிட்டார்கள். முதலில் கபிலர். பெரிய மனுஷர் அல்லவா, நேரடியாகக் கேட்கவில்லை. உன் மலையைப் பாடிக்கொண்டு ஒரு வாசலில் நின்றோம், அங்கே ஒருத்தி குழல் அழுகிற மாதிரி விம்மி விம்மி அழுதாளே, யாரப்பா அது என்று ஒன்றும் தெரியாதவர்போல விசாரிக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு “யாரது?” என்று கேட்கும் பெரியப்பாக்கள் தமிழ்நாட்டில் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள்.

அடுத்து பரணர். இவர் சாட்சி வாக்குமூலமே வாங்கிவந்துவிட்டார். “அம்மா, நீ பேகனுக்கு உறவா?” என்று அந்தப் பெண்ணையே கேட்டாராம். அவள் விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன பதில்தான் இந்த ஐந்து பாட்டிலும் எனக்குப் பிடித்த இடம். நான் அவருக்கு உறவில்லை என்கிறாள். என்னைப்போல ஒருத்தியின் அழகுக்கு ஆசைப்பட்டு, முல்லை வேலி போட்ட நல்லூருக்குத் தினமும் தேரில் வருகிறாராம், ஊரார் பேசிக்கொள்கிறார்கள் என்கிறாள். அதுவும் கடகடவென்று சத்தம் போடுகிற தேர். ரகசியமாகப் போகிறவன் சைலன்சர் இல்லாத வண்டியில் போகலாமா? பேகனுக்கு மயில் மனசு தெரிந்த அளவுக்கு ஊர் வாய் தெரியவில்லை.

பரணர் மறுபடி ஒரு பாட்டு பாடுகிறார். எங்களுக்குப் பசியில்லை, சுமக்க வேண்டிய சுற்றமும் இல்லை, நாங்கள் யாசிப்பது ஒன்றுதான், இன்றைக்கு ராத்திரியே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர்த்துவிட்டு வா என்கிறார். சங்கப் புலவர் ஒருவர் தன் வாயால் “பசியில்லை” என்று சொன்னதை வரலாற்று நிகழ்ச்சியாகவே கொள்ள வேண்டும். மூன்றாவதாக அரிசில்கிழார். உன் நகையும் செல்வமும் உன்னிடமே இருக்கட்டும், எனக்குப் பரிசில் தருவதானால் குதிரையைப் பூட்டு, அவள் தலையில் பூ ஏறட்டும் என்கிறார். நாலாவதாகப் பெருங்குன்றூர்கிழார், அதையே தன் சுருதியில்.

இத்தனை பேரும் சொல்லிப் பேகன் வீட்டுக்குப் போனானா? 148ஆம் பாட்டில் பேச்சு வேறு வள்ளலுக்குத் தாவிவிடுகிறது. பஞ்சாயத்து பேசியவர்கள் பெயர் நிற்கிறது, தீர்ப்பு என்ன ஆயிற்று என்பது மட்டும் நிற்கவில்லை. இந்த வழக்கம் நம்மிடம் இன்னும் மாறவில்லை.

குடும்ப வழக்குக்குப் பரணர் என்றால், பங்காளிச் சண்டைக்குக் கோவூர்கிழார். சோழர்களில் நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்று இரண்டு பேர். ஒருத்தன் கோட்டையை வளைத்துக்கொண்டு நிற்கிறான், இன்னொருத்தன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறான். கோவூர்கிழார் ஆவூர்க் கோட்டைக்குள்ளே போய் நெடுங்கிள்ளியிடம் சொல்கிறார்: யானை தீனியில்லாமல் பிளிறுகிறது, பிள்ளைகள் பாலுக்கு அழுகின்றன, ஒன்று உன்னுடையது என்று கதவைத் திறந்து விட்டுவிடு, இல்லை, திறந்துகொண்டு போய்ச் சண்டை போடு, இரண்டுமில்லாமல் உள்ளே பதுங்கியிருப்பது வெட்கக்கேடு. பிறகு உறையூர் முற்றுகையின்போது இரண்டு பேருக்கும் சேர்த்து: அவன் தலையில் பனம்பூவா இருக்கிறது சேரன் என்று சொல்ல? வேம்பா இருக்கிறது பாண்டியன் என்று சொல்ல? இரண்டு தலையிலும் ஆத்திப்பூ. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி, இதைப் பார்த்து மற்ற வேந்தர்கள் சிரிப்பார்கள். வரப்புத் தகராறில் பெரியவர்கள் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், பூவைப் பற்றிய பகுதி மட்டும் விட்டுப்போயிற்று.

இதே கோவூர்கிழார் இரண்டு தரம் உயிர் காப்பாற்றியிருக்கிறார் என்று பாட்டின் கீழ்க் குறிப்புகள் சொல்கின்றன. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போனான். இவர் குறுக்கே வந்தார். புறாவின் துயரம் தீர்த்தவன் வம்சம் நீ, யானையைக் கண்ட வேடிக்கையில் அழுகையை மறந்து மிரண்டு நிற்கிற பிள்ளைகள் இவர்கள். இதைச் சொல்லிவிட்டுக் கடைசியில், கேட்டாயல்லவா, இனி உன் இஷ்டம் என்று முடிக்கிறார். “சொல்றதைச் சொல்லிட்டேன், அப்புறம் உன் இஷ்டம்” என்று துண்டை உதறித் தோளில் போடுகிற எல்லாப் பெரியவர்களுக்கும் இவர்தான் மூலபுருஷர். அவன் இஷ்டத்துக்கு விட்டால்தான் அவன் நம் இஷ்டப்படி நடப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு சமயம் இளந்தத்தன் என்ற புலவன் ஒற்றன் என்று மாட்டிக்கொண்டான். அவனுக்காகவும் கோவூர்கிழாரே வாதாடினார். பரிசில் வாங்கிப் பிழைக்கிறவர்கள் யாருக்கு என்ன கெடுதல் செய்வார்கள்? கிடைத்ததைச் சேர்த்து வைக்காமல் தின்பார்கள், தருவார்கள். அவர்களால் தலைகுனிகிறவர்கள் உண்டென்றால் போட்டிப் புலவர்கள்தான் என்றார். கொலைக்களத்தில் நின்று பேசும்போதும் சக புலவர்களை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போகிறார்.

அரசியல் யோசனைக்கும் குறைவில்லை. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரிவிதிப்பு பற்றிச் சொன்னது யானைக் கணக்கு. ஒரு மா அளவுகூட இல்லாத நிலத்து நெல்லை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கி மேய்ந்தால் நூறு செய் இருந்தாலும் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் நாசமாவது அதிகம். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், புகழ் வேண்டுமானால் பள்ளமான இடம் பார்த்து நீரைத் தேக்கி வை என்றார். வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம், உன் படை தருகிற வெற்றி ஏர் தருகிற விளைச்சலில் பிறந்தது, உழுகிறவனைக் காப்பாற்று என்று ஊருக்காக முழங்கினார். கீழ்க் குறிப்பைப் பார்த்தால், பாடி முடித்த கையோடு தன் பழைய நிலவரி பாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டிருக்கிறார். பொதுநலத்தில் சொந்தநலத்தை நோகாமல் செருகும் கலைக்கு இது நல்ல பாடம்.

ஔவையார் வேறு ரகம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவருக்கு, அவன் தன் ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினான். புது வீடு கட்டியவர் மாடுலர் கிச்சன் காட்டுகிற மாதிரி. ஔவையார் அதை மெச்சினார். உன் வேலெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை போட்டு, நெய் பூசிக் காவலோடு பத்திரமாக இருக்கிறது, அதியமான் வேலோ நுனி முறிந்து எப்போது பார்த்தாலும் கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. புகழ்ந்தாரா வைதாரா என்று தொண்டைமான் அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்திருப்பான்.

இவ்வளவு பேசினார்களே, எல்லா மன்னர்களையும் ‘நீ’ என்றுதான் பேசினார்கள். இன்றைக்கு வார்டு கவுன்சிலரை ஒருமையில் கூப்பிட்டுவிட்டு ஊருக்குள் இருந்து பாருங்கள். அவர்களுக்கு எங்கிருந்து வந்தது அந்தத் திமிர்?

பதில் பெருஞ்சித்திரனாரிடம் இருக்கிறது. வறுமையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதியமான் ஒருமுறை நேரில் பார்க்காமல் பரிசிலைக் கொடுத்தனுப்பினான். நான் பண்டம் விற்க வந்த வாணிகன் அல்ல என்று அதைத் திருப்பிவிட்டார். இளவெளிமான் கொஞ்சமாகக் கொடுத்தான். தொடவில்லை. நேரே வள்ளல் குமணனிடம் போனார், பாடினார், யானையே வாங்கினார். வாங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே பசியில். இவர் யானையை ஓட்டிக்கொண்டு இளவெளிமான் ஊருக்கு வந்து, அவர்களுடைய காவல் மரத்தில் அது நோகும்படி கட்டிப்போட்டு, இது நான் உனக்குத் தரும் பரிசில், வருகிறேன் என்று கிளம்பினார். கோபத்துக்காக ஒரு யானையைச் செலவழித்த மனுஷர்! ஆவூர் மூலங்கிழாருக்குப் பாண்டியன் நன்மாறன் இன்று நாளை என்று இழுத்தடித்தபோது, முடிந்ததை முடியும் என்று சொல், முடியாததை முடியாது என்று சொல், இரண்டையும் மாற்றிச் சொல்லாதே என்று பாடம் நடத்தி, உன் பிள்ளைகள் நோயில்லாமல் இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார். சாபத்தைவிட அந்த வாழ்த்து சுட்டிருக்கும்.

டீக்கடை பெஞ்சுக்கும் சங்கத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் எனக்குத் தெரிகிறது. நம் யோசனைக்கு நாம் கொடுக்கும் விலை ஒரு வாய்ச்சொல். டீக்குக்கூட அடுத்தவர்தான் காசு கொடுக்கிறார். அவர்கள் ஒவ்வொரு தடவை வாய் திறக்கும்போதும் அன்றைய ராத்திரிச் சோற்றைப் பணயம் வைத்தார்கள். நகை வேண்டாம், தேரைப் பூட்டு என்று அரிசில்கிழார் சொன்னபோது அந்த நகையில் ஒரு வருஷத்து அரிசி இருந்தது.

யோசனை சொல்பவர்கள் ஆரோக்கியமாகவும் இருப்பார்கள் என்பதற்குப் பிசிராந்தையாரே சாட்சி. கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகளோடு மனம் கசந்து வடக்கிருந்து உயிர்விடப் போகிறான். முகம் பாராமலே நண்பரான பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேர்கிறார். அரசன் சாகக் கிடக்கிறான். சுற்றியிருந்த சான்றோர் அவரிடம் கேட்ட கேள்வி: இவ்வளவு வயசாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி? துக்க வீட்டில் “என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?” என்று கேட்கிறவர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்ல. அவர் மருதாணி என்றோ கரிசலாங்கண்ணி என்றோ சொல்லவில்லை. மனைவி மக்கள் நல்லவர்கள், வேலைக்காரர்கள் என் மனசறிந்து நடக்கிறார்கள், அரசன் கெடுதல் செய்வதில்லை, ஊரில் அடங்கி நடக்கிற சான்றோர் பலர் என்றார். அரசன் கெடுதல் செய்யவில்லையென்றால் யானைக் கணக்கு வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கடைசி வரி கேட்டவர்களுக்கான குத்தலோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முடிவாக, 49 பேரும் சேர்ந்து போட்ட சண்டை. பாண்டிநாட்டில் 12 வருஷப் பஞ்சம். அது தீர்ந்தபின் பார்த்தால் பொருளதிகாரம் தெரிந்த ஆள் ஒருவரும் அகப்படவில்லை. அரசன் கவலைப்பட்டான். சிவபெருமான் இரக்கப்பட்டு 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிக் கோயில் பீடத்தின் அடியில் வைத்தார். பீடத்துக்கு அடியில் என்றைக்கும் கூட்டாத பூசாரி அன்றைக்கு என்னவோ தோன்றிக் கூட்டினாராம். தமிழ் அகப்பொருள் இலக்கணம் ஒரு விளக்குமாற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை எந்த மேடையிலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

சூத்திரம் கிடைத்ததும் ஆளுக்கொரு உரை. என் உரைதான் சரி, உன் உரை தப்பு. தீர்த்து வைக்க ஆள் வேண்டும் என்று அரசனிடம் போனார்கள். 49 பேரைவிடப் பெரிய புலவனை நான் எங்கே தேடுவேன் என்று அவன் கையை விரித்தான். கடைசியில் தெய்வம் ஆள் சொல்லிற்று: உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயது. சோனி மயிர். வாய் பேசாத பிள்ளை.

அவனைக் கூட்டிவந்து வெள்ளைத் துணி உடுத்தி, வெள்ளைப் பூச் சூட்டி, பலகைமேல் உட்காரவைத்தார்கள். 49 பேரும் கீழே உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் உரையைச் சொன்னார்கள். பையன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மருதனிளநாகனார் சொன்னபோது சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வடித்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரையே மெய்யுரை என்று தீர்ந்தது. இந்தக் கதையைச் சொல்லும் அதே இறையனார் களவியல் உரை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த நக்கீரர் உரைதான் என்பதை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஜெயித்தவர் புத்தகத்தில் ஜெயித்தவர்தான் ஜெயிப்பார்.

எனக்கு அந்தப் பையன் நினைப்புதான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எல்லாரும் சொன்னதையும் கடைசிவரை கேட்டது அவன் ஒருவன்தான். ஐந்து வயசுப் பிள்ளை, 60 சூத்திரம், 49 உரை. அழுதானென்று எழுதியிருக்கிறார்கள். நடுவில் யாராவது எழுந்துபோய் அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டினார்களா என்று மட்டும் எழுதவில்லை. பசியைப் பற்றி இத்தனை பாட்டுப் பாடியவர்கள்!